நத்தை இதழுக்குக் கண்ணீர் அஞ்சலி

எப்சியின் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். பாளையங்கோட்டையில் மிஷன்காரர்கள் காலத்துக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் மகளுக்கு வேலை கிடைத்தபோது, “சத்தமில்லாத வேலை” என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நிம்மதியாகச் சொல்லிக்கொண்டார்கள். எப்சிக்கும் அது பிடித்திருந்தது. புத்தகத்துக்கு முத்திரை குத்துவாள், கிழிந்த அட்டைக்குப் பசை தடவுவாள், மின்விசிறிக்கு அடியில் தூங்குகிற மாணவனைப் பைய எழுப்பி விடுவாள். பொழுது போய்விடும்.

அந்தப் பொழுதைக் கெடுத்தவர் விலங்கியல் பேராசிரியர் ஞானையா.

ஞானையா ஆயுள் முழுக்கத் தாமிரபரணி நத்தைகளைப் பற்றி ஆராய்ந்தவர். பாபநாசத்தில் இறங்கினால் புன்னைக்காயல் வரை குனிந்துகொண்டே போவார் என்று ஊரில் சொல்வார்கள். குனிந்து குனிந்து, நிமிர்ந்து நிற்கும்போதுகூட எதையோ தேடுகிறவர் மாதிரிதான் இருப்பார். ‘பொருநை நன்னீர் உயிரின ஆய்விதழ்’ என்று ஓர் ஆய்விதழை அவர் நடத்திவந்தார். இவ்வளவு நீளமான பெயரைச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. நத்தை இதழ் என்றுதான் சொன்னார்கள். அச்சடித்த பிரதிகள் விலங்கியல் துறையில் கட்டுக்கட்டாகக் கிடந்து, கடைசியில் ஆய்வகத்து மேசைக் கால்களுக்கு முட்டுக் கொடுக்கப் போயின. அப்போதுதான் இதழை இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் சும்மா படித்துக்கொள்ளட்டும் என்று அவர் முடிவு செய்தார்.

“ஆத்துத் தண்ணிக்கு யாராவது கதவு போட்டிருக்கானா? நத்தை அந்தத் தண்ணிக்குள்ளதான் கெடக்கு. நத்தையப் பத்தி எழுதுனதுக்கு மட்டும் எதுக்குக் கதவு?” என்று கேட்டார். கல்லூரி நிர்வாகமும் சரி என்று சொல்லிவிட்டது.

பிறகு நேராக நூலகத்துக்கு வந்தார்.

“எப்சி, நீ தமிழ்ல வேகமா டைப் அடிப்பியாமே?”

“அடிப்பேன் சார்.”

“நத்தைக்குப் பயப்படுவியா?”

“பேப்பர்ல இருக்க நத்தைக்குப் பயப்பட மாட்டேன் சார்.”

அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. அன்றிலிருந்து எப்சி நத்தை இதழைத் தட்டச்சு செய்தாள், பழைய அச்சுப் பிரதிகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றினாள், பிழை திருத்தினாள், உலகத்தின் எந்த மூலையிலிருந்து கேள்வி வந்தாலும் பதில் எழுதினாள். ‘முக்கூடல் படித்துறையில் துவைக்கும் சோப்பும் நத்தையின் பசியும்’ என்ற கட்டுரையைப் படித்துவிட்டுப் பின்லாந்திலிருந்து ஒருவர், நீலச் சோப்பா மஞ்சள் சோப்பா என்று கேட்டு எழுதினார். எப்சி முக்கூடல் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நீலம் என்று பதில் போட்டாள். இதையெல்லாம் ஒரு வேலை என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது யாராவது “காலேஜ்ல என்ன வேலை?” என்று கேட்டால், “லைப்ரரி” என்று முடித்துக்கொள்வாள்.

ஒருமுறை மதுரையில் நூலகர்களுக்குப் பயிற்சி நடந்தது. அங்கே பேசிய ஒருவர், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆய்விதழ்கள்தாம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோகின்றன என்றார். நடத்துகிறவர் ஓய்வு பெறுகிறார், முகவரியைப் புதுப்பிக்க ஆளில்லை, ஒரு நாள் காலையில் பார்த்தால் இதழே இல்லை. எப்சி மத்தியானச் சோற்றுக்குப் போகாமல் அவரிடம் போய் வழி கேட்டாள். ஊருக்குத் திரும்பியதும், இப்படிப்பட்ட இதழ்களைக் காப்பாற்றவே வெளிநாட்டில் சில நூலகங்கள் சேர்ந்து நடத்திய ஒரு கூட்டமைப்பில் நத்தை இதழைச் சேர்த்துவிட்டாள். பல தேசங்களில் பிரதி இருக்கும். அந்தப் பிரதிகள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் பூட்டித்தான் வைத்திருப்பார்கள்.

ஞானையாவுக்கு அது பிடிபடவில்லை.

“நாமதான் எல்லாருக்கும் தொறந்து வச்சிருக்கோம்லா. அவங்க ஏன் பூட்டுதாங்க?”

“நாம இருக்க வரைக்கும் நம்மகிட்ட வந்து படிப்பாங்க சார். நம்ம இதழ் செத்துப்போனாத்தான் அங்கன தொறப்பாங்க.”

“நம்ம இதழ் எதுக்குச் சாவுது?”

எப்சி தன் பங்குக்கு இங்கேயும் ஒரு பாதுகாப்பு செய்துகொண்டாள். இதழ் முழுவதையும் ஒரு சின்ன டிஸ்க்கில் நகலெடுத்து, எங்கேயும் தொலைந்துவிடக் கூடாது என்று, இதழ் ஓடுகிற கம்ப்யூட்டரின் முதுகிலேயே டேப் சுற்றி இறுக்கமாக ஒட்டிவைத்தாள்.

வருஷங்கள் போயின. ஞானையா ஓய்வு பெற்றார், இதழை விடவில்லை. எப்சிக்கும் தலையில் நரை எட்டிப் பார்த்தது.

களக்காட்டில் ஒரு கல்யாணம் என்று எப்சி விடுப்பில் போயிருந்த சமயம், கல்லூரியில் சுற்றுச்சூழல் தினம் வந்தது. மாணவர்கள் பழைய மின்சாதனங்களைச் சேகரித்தார்கள். இதழ் ஓடிய கம்ப்யூட்டர் நூலகத்து மூலையில் மானிட்டர் இல்லாமல், மேலே ஒரு துணி போர்த்திக் கிடந்தது. பார்ப்பவர் எவருக்கும் அது செத்துப் பல வருஷம் ஆனது போலத்தான் தெரியும். தூக்கிக்கொண்டு போனார்கள். விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் ஞானையா. மேடையில் குவிந்து கிடந்தவற்றில் அடக்கமாக இருந்த பெட்டி ஒன்றை அவரே எடுத்து, பழைய சாமான் வியாபாரி அப்பாத்துரையின் கையில் கொடுத்தார். புகைப்படம் எடுத்தார்கள். தன் இதழைத்தான் தாரை வார்க்கிறோம் என்று தெரியாமல் அதில் அவர் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

திரும்பி வந்த எப்சி, மூலையில் தூசி படாமல் பளிச்சென்று இருந்த சதுரத்தைப் பார்த்தாள். அலுவலகத்துக்கு ஓடிப்போய், “சார், நம்ம சர்வரைக் காணோம்” என்றாள். அங்கிருந்த கண்காணிப்பாளர், “கேன்டீன்லயா? போன வாரமே சொல்லாம நின்னுட்டான்மா” என்றார். அவள் ஆட்டோ பிடித்து அப்பாத்துரையின் கடைக்குப் போனாள்.

“அது அன்னிக்கே ஒடைச்சுப் பிரிச்சாச்சு தாயி. செம்பு தனியாப் போயிட்டு, தகரம் தனியாப் போயிட்டு.”

“முதுகுல டேப் சுத்தி ஒரு சின்னப் பெட்டி இருந்துச்சே அண்ணாச்சி?”

“அதுவா? நீங்க ஒட்டுனதா? நல்லா ஒட்டியிருந்திய. எங்க பயலுவ எவ்வளவோ பாத்தானுவ, பிரிக்க முடியல. பெறவு அப்படியே சேத்து வச்சு நசுக்கிட்டோம்.”

பாராட்டாகத்தான் சொன்னார்.

எப்சி இதை ஞானையாவிடமும் மறைத்துவைத்தாள். இது போதாதென்று, இதழின் இணைய முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்களெல்லாம், ஓய்வு பெற்று மகனோடு துபாய்க்குப் போய்விட்ட பழைய பொருளாளரின் அஞ்சல் பெட்டியில் போய் விழுந்திருந்தன. கெடு முடிந்தது. முகவரியைக் கூந்தல் தைலம் விற்கிற ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. எப்சிக்கு இது தெரியவந்தது பெருமாள்ராஜ் மூலமாக.

பெருமாள்ராஜ் களக்காட்டில் பள்ளி ஆசிரியர். பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் படித்துவந்தார். படிக்கத் தொடங்கியபோது கைக்குழந்தையாக இருந்த மகன், இப்போது அப்பாவுக்கு முந்திப் பட்டம் வாங்கிவிடுவான் போல் இருந்தது. ஆய்வேடு முழுக்க நத்தை இதழின் கட்டுரைகளைத்தான் நம்பி எழுதியிருந்தார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ரொம்பக் கறாரான மனுஷர்; தலையில் ஒரு முடி கிடையாது. “மேற்கோள்களைப் பார்ப்போமே” என்று முதல் இணையச் சுட்டியைத் தட்டினார். பெரிய திரையில், முழங்கால் வரை கூந்தலை விரித்துப்போட்டபடி ஒரு பெண் வந்து நின்றாள்.

“இவங்கதான் முனைவர் ஞானையாவா?” என்று தேர்வாளர் கேட்டார்.

இரண்டாவது சுட்டியைத் தட்டினார். அதே பெண். ‘சேறும் சிப்பியும்’ என்ற கட்டுரைக்கும் அவள்தான். ‘நத்தை முட்டைகளின் ஓடு’ கட்டுரைக்கு வந்தபோது தலையைத் திருப்பிச் சிரித்தாள். தேர்வாளர் தன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். தன்னைக் கேலி செய்யத்தான் இவ்வளவும் நடக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மேற்கோள்கள் திறந்த பிறகு தேர்வு தொடரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

பெருமாள்ராஜ் தேர்வுக்கென்று வாங்கிய புதுச் சட்டையோடு நேராக நூலகத்துக்கு வந்தார்.

“எக்கா, நம்ம நத்தை எல்லாம் எங்க போச்சு? அந்தப் பொம்பளை யாரு?”

எப்சி அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது, ஒளித்துவைத்த ஒன்றை வெளியே எடுத்ததுபோல் அவளுக்கே கொஞ்சம் மூச்சு வந்தது. அங்கேயே உட்கார்ந்து வெளிநாட்டுக் கூட்டமைப்புக்குக் கடிதம் எழுதினாள். மரியா என்கிற அம்மாள் மறுநாளே அன்பாகப் பதில் போட்டார்: உங்கள் இதழ் எல்லா இடத்திலும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் திறக்க வேண்டுமென்றால், பதிவு செய்த உங்கள் மின்னஞ்சல் முகவரியிலிருந்து கேட்க வேண்டும்.

அந்த மின்னஞ்சல் முகவரியும் இப்போது தைலக்காரர்களிடம் இருந்தது.

அதைவிடப் பெரிய சங்கடம், மரியா அந்த முகவரிக்கும் ஒரு கடிதம் போட்டுப் பார்த்திருந்தார். உடனே பதில் வந்திருந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வாரம் இருமுறை வேர்க்கால்களில் படும்படி தேய்த்து ஊறவிட்டுக் குளிக்கவும் என்று. இது இதழின் புதிய கொள்கையா என்று மரியா எப்சியிடம் பணிவாகக் கேட்டிருந்தார்.

எப்சி தைல நிறுவனத்துக்குப் போன் போட்டாள். தமிழ் பேசுகிற ஒரு பெண் எடுத்தாள்.

“சொல்லுங்க மேடம், எவ்வளவு நாளா முடி கொட்டுது?”

“முடி கொட்டலம்மா. எங்க இதழ் முகவரியை நீங்க எடுத்துட்டிய. அதுல இருந்து ஒரே ஒரு மெயில் மட்டும் அனுப்பணும்.”

“மனக்கவலை இருந்தாலும் கொட்டும் மேடம். சரியா தூங்குறீங்களா?”

“இப்ப கொஞ்ச நாளாத் தூக்கம் இல்லதான்.”

“பார்த்தீங்களா. வகிட்டுப் பக்கம் அகலமாகுதா?”

எப்சி தன்னையறியாமல் வகிட்டைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் அகலமாகத்தான் இருந்தது. அதைப் பற்றி இருவரும் வெகுநேரம் பேசினார்கள். போனை வைத்த பிறகுதான் மின்னஞ்சல் விஷயத்துக்குத் தான் திரும்பவே இல்லை என்று அவளுக்கு உறைத்தது. மறுபடி கூப்பிட்டபோது வேறு பெண் எடுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கடைசியில் மரியாவே வழி சொன்னார். மின்னஞ்சல் வேண்டாம். இதழ் நின்றுபோனது என்று அதை நடத்துகிறவர் பொதுமக்கள் அறிய அறிவிக்கட்டும். அந்த அறிவிப்பு பலருக்கும் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு சான்று அனுப்பினால் போதும். இதழ் இறந்ததாகக் கணக்கில் கொண்டு பூட்டைத் திறந்துவிடுவார்கள்.

எப்சியும் பெருமாள்ராஜும் மகாராஜநகரில் ஞானையாவின் வீட்டுக்குப் போனார்கள். அவர் வராந்தாவில் அடுத்த இதழுக்கு முன்னுரை எழுதிக்கொண்டிருந்தார். பழைய சாமானுக்குப் போன பெட்டியிலிருந்து மரியா சொன்ன வழி வரை எப்சி எல்லாவற்றையும் சொன்னாள்.

“உசுரோட இருக்கதைச் செத்துப்போச்சுன்னு எழுதச் சொல்லுதியா?” என்றார். பேனாவை மூடிவிட்டு முகத்தைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சாலோமி வந்தார். “ரிட்டயர் ஆனதுக்கு மறுநாளும் இப்படித்தான் ஆகலன்னு சொல்லி, காலேஜ் வாசல்ல போய் நின்னாக” என்று எப்சியிடம் சொன்னார்.

தேர்வாளர் எழுதிக்கொடுத்த தாளைப் பெருமாள்ராஜ் மேசைமேல் வைத்தார். ஞானையா அதைப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“கோடையில கொளம் வத்துனா நத்தை மூடி போட்டுக்கிட்டுச் சேத்துக்குள்ள கெடக்கும், தெரியும்லா?” என்றார். “தட்டிப் பாத்தாலும் அசையாது. செத்துட்டுன்னுதான் நெனைப்போம். மழை பெஞ்சா எந்திச்சு நடக்கும். அந்தக் கணக்குலதான் நான் ஒத்துக்கிடுதேன். சாவுன்னு ஒத்துக்கிடல.”

“அப்படியே வச்சுக்கிடுவோம் சார்” என்றாள் எப்சி.

அறிவிப்பைப் போஸ்டர் அடித்து ஒட்டுவது என்று முடிவானது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போஸ்டர் அடிக்கிற பிச்சைக்கண்ணு அண்ணாச்சியிடம் எப்சி போனாள். அவர் கம்ப்யூட்டரில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்கு எல்லாம் தயாராக இருந்தது. கண், கண்ணீர்த் துளி, ரோஜாப்பூ, மேகம், பறக்கிற புறா. பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும்.

“எறந்தது யாரு?”

“ஆய்விதழ் அண்ணாச்சி. ஒரு பத்திரிகைன்னு வச்சுக்கிடுங்க.”

“எந்த மதம்?”

எப்சிக்கு இது தோன்றவே இல்லை. “ஆசிரியர் கிறிஸ்தவர். எழுதுனதுல எல்லாரும் உண்டு.”

“இல்ல, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தது’ன்னு போடவா, ‘இறைவனடி சேர்ந்தது’ன்னு போடவா?”

“பொதுவா ‘நின்றுவிட்டது’ன்னு போடுங்களேன்.”

“நின்றுவிட்டதுன்னா கடியாரம்லா நிக்கும். ‘காலமானது’ன்னு போடுதேன். யாரு மனசும் நோவாது. படம் குடுங்க.”

அட்டையில் நத்தைப் படம் இருந்த பழைய இதழ் ஒன்றை அவள் கொடுத்தாள். அண்ணாச்சி அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, சரி என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அவள் போன பிறகு அவருக்கு மனசு கேட்கவில்லை. எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு அஞ்சலி அடித்த கை. ரோஜாப்பூ நடுவில், புறாவுக்குக் கீழே, ஒரு நத்தை. இறந்தவர் வீட்டுக்காரர்கள் பிற்பாடு வருத்தப்படுவார்கள் என்று நினைத்தார். எப்சி கொடுத்த பழைய இதழைப் புரட்டியபோது உள்ளே ஆசிரியர் ஞானையாவின் படம் இருந்தது. நல்ல களையான முகம். அதை எடுத்துப் பெரிதாகப் போட்டு, மாலையும் போட்டு, இதழின் பெயரையும் ஆசிரியர் என்பதையும் சேர்த்து, தோற்றம், மறைவு என்று வருஷங்களையும் போட்டு, அடியில் ‘கண்ணீருடன் நத்தை நண்பர்கள்’ என்று முடித்தார். ஒட்டுகிற ஆட்களிடம் தாராளமாகவே கொடுத்தனுப்பினார்.

காலையில் டவுண் பஸ்ஸில் வேலைக்கு வந்துகொண்டிருந்த எப்சி, முருகன்குறிச்சிச் சுவரில் ஞானையாவைப் பார்த்தாள். மார்க்கெட் பக்கம் மறுபடி பார்த்தாள். முன்னால் நின்ற முக்கூடல் பஸ்ஸின் முதுகில், கண்ணீர்த் துளிக்குப் பக்கத்தில், அவர் அவளையே பார்த்துச் சிரித்தார். கண்டக்டரிடம், “ஐயோ, எறக்கி விடுங்க” என்றாள். “சொந்தக்காரரா? இப்பத்தான் பாத்தியளா?” என்று அவர் விசிலடித்துப் பஸ்ஸை நிறுத்தினார். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் அவள் கையைப் பிடித்து, மனசைத் தேத்திக்கோ என்றார்.

ஆட்டோவில் மகாராஜநகருக்குப் போய் இறங்கியபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. பந்தல்காரர் போஸ்டரைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்ல வேண்டாமே, நம்ம சார் அல்லவா என்று தானாகவே வந்து நாற்காலிகளைப் போட்டிருந்தார். பழைய மாணவர்கள் மாலைகளோடு வந்துகொண்டிருந்தார்கள். பந்தலுக்கு நடுவே ஞானையா வேட்டி சட்டையில் உட்கார்ந்து எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். முதலில் வந்த நாலைந்து பேர் அவரைப் பார்த்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்களாம். பிறகு வந்தவர்களுக்கு முன்னால் வந்தவர்களே விளக்கம் சொன்னார்கள்.

“சார், நீங்க இருக்கியளா?” என்று ஒருவர் கேட்டார்.

“நான் இருக்கேன். இதழ்தான் போயிட்டு.”

வந்தவருக்கு மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனாலும் துக்கம் விசாரிக்க வந்தவர், விசாரிக்காமல் போனால் நன்றாக இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன வயசு சார்?” என்று கேட்டார்.

“பத்தொன்பது.”

“சின்ன வயசுல்லா. திடீர்னா?”

“திடீர்னுதான். பழைய சாமானுக்குப் போட்டுட்டாங்க. நானே என் கையால எடுத்துக் குடுத்தேன்.”

“நீங்க தெரிஞ்சா செஞ்சிய? மனசைத் தளர விடாதீங்க” என்று அவர் ஞானையாவின் தோளைப் பிடித்தார். ஞானையாவுக்கு அப்போதுதான் முதல் முறையாகக் கண் கலங்கியது.

சமையலறை வாசலில் சாலோமி அம்மாள் எப்சியைப் பிடித்துக்கொண்டார். “ஏளா எப்சி, நீயே சொல்லு. இது சாவு வீடா, இல்லயா? வந்தவங்களுக்குக் காப்பி போடவா, வேண்டாமா? அடுப்பு பத்த வச்சா யாராவது தப்பா நெனைப்பாங்களோ?”

எப்சி யோசித்தாள். “சார் இருக்காருல்லா. போடுங்கம்மா. சீனி மட்டும் கொஞ்சம் கம்மியாப் போடுங்க.”

சபையின் குருவானவர் வேதாகமத்தோடு வந்தார். ஞானையாவைப் பார்த்ததும் வேதாகமத்தைப் பின்பக்கம் மறைத்துக்கொண்டார். வந்ததற்கு ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போங்கள் என்றார் ஞானையா.

“ஆய்விதழுக்கு ஜெபம் பண்ண நம்ம ஒழுங்குல எதுவும் இல்லயே சார்.”

“பொதுவாப் பண்ணுங்க ஐயா.”

குருவானவர் கண்ணை மூடி, நீரில் வாழும் ஜீவன்களைப் படைத்தவருக்கு நன்றி சொல்லி, அவற்றைப் பற்றி எழுதியவர்களையும் படித்தவர்களையும் ஆசீர்வதிக்கும்படி கேட்டு, இனி அந்த இதழைப் பற்றி என்ன கேட்பது என்று தெரியாமல் சற்று நின்று, ஆமென் சொன்னார். பந்தலில் இருந்த எல்லாரும், மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்த ஷரீபா பீவி உட்பட, எழுந்து நின்றிருந்தார்கள்.

ஷரீபா பீவி ஞானையாவின் பழைய மாணவி. இப்போது வெளியூரில் கல்லூரி ஆசிரியை. அன்றைக்கு உண்மையிலேயே அழுதது அவர் ஒருவர்தான். எப்சியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பாளையங்கால்வாய்ச் சிப்பிகளைப் பற்றித் தான் எழுதிய கட்டுரை நத்தை இதழில் வந்ததைச் சொன்னார்.

“அதுல எம் பேரு இருந்துச்சு. எங்க வாப்பாவுக்கு ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. போன்ல அந்தப் பக்கத்தைத் தெறந்து வச்சுக்கிட்டு, கடைக்கு வாரவங்ககிட்ட எல்லாம், இன்னா பாரு, எம் மவ எழுதுனதுன்னு காட்டுவாக. வாப்பா மவுத்தாப் போயிச் சேந்த பெறவு நானும் அப்பப்பத் தெறந்து பாத்துக்கிடுவேன். போன மாசம் தெறந்தா, யாரோ ஒருத்தி முடியை விரிச்சுப் போட்டு நிக்கா.”

எப்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இதழை அவள் இத்தனை வருஷம் கட்டுரைகளாகத்தான் எண்ணியிருந்தாள். அதை யாரோ ஒருவர் கடை வாசலில் வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

மத்தியானத்துக்குள் மாலைப் பத்திரிகை ஒன்றின் நிருபர் வந்துவிட்டார். ‘பேராசிரியர் நலம், இதழ் மறைவு’ என்று செய்தி வந்தது. பந்தல், நாற்காலிகள், கழுத்தில் யாரோ போட்டுவிட்ட மாலையோடு ஞானையா. எப்சி செய்தியை மொழிபெயர்த்து, படத்தோடு மரியாவுக்கு அனுப்பினாள். மரியா முதலில் அனுதாபம் தெரிவித்தார். பிறகு, மாலையோடு இருப்பவர் யார் என்று கேட்டார். ஆசிரியர் என்றாள் எப்சி. இறந்தவர் அவரா என்றார் மரியா. இல்லை, இதழ் என்றாள் எப்சி. அப்படியானால் படத்தில் இதழ் எங்கே என்றார் மரியா. அது இல்லாததால்தான் எல்லாரும் கூடியிருக்கிறார்கள் என்று எப்சி எழுதினாள். கூட்டமைப்பின் குழு கூடிப் பேசியது. ஓர் ஆய்விதழ் இறந்ததற்கு இவ்வளவு தெளிவான சான்று இதுவரை யாரும் கொடுத்ததில்லை என்று தீர்மானம் எழுதி, பூட்டைத் திறந்தார்கள்.

புது முகவரியில், முதல் இதழிலிருந்து கடைசி இதழ் வரை எல்லாம் அப்படியே இருந்தன. எப்சி முதலில் ஷரீபா பீவிக்குத்தான் சுட்டி அனுப்பினாள்.

பெருமாள்ராஜின் தேர்வு மறுபடி நடந்தது. தேர்வாளர் ஒவ்வொரு சுட்டியாகத் தட்டினார். ஒவ்வொன்றிலும் நத்தை வந்தது. சோப்புக் கட்டுரையில் மட்டும் நின்று, முழுவதையும் படித்துவிட்டு, “நீலச் சோப்பா?” என்று கேட்டார். ஆமாம் என்றார் பெருமாள்ராஜ். பட்டம் கிடைத்துவிட்டது.

ஞானையாவின் பாடுதான் கொஞ்ச காலம் திண்டாட்டமாக இருந்தது. போஸ்டர்கள் லேசில் கிழியவில்லை. மார்க்கெட்டில் அவர் கத்தரிக்காய் பொறுக்கும்போது எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து, நேரில் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகும்படி ஆள் அனுப்பினார்கள். அவர் மாலைப் பத்திரிகையைக் கையோடு கொண்டுபோய்த் தலைப்பின் முதல் பாதியைக் காட்டினார். அடுத்த இதழ் எழுதி முடித்துத் தயாராக இருந்தது. ஆனால் இறந்ததாக ஊரறிய அறிவித்த இதழ் அடுத்த இதழைக் கொண்டுவர முடியாது. நாலு நாள் எழுதி வைத்ததையே புரட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் ‘தாமிரபரணி மெல்லுடலிகள்’ என்று புது இதழுக்குப் பெயர் வைத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்து நின்றார். எப்சி புதுக் கம்ப்யூட்டருக்கு மேலே, ‘உயிருடன் உள்ளது, தொடக் கூடாது’ என்று எழுதி ஒட்டினாள். புது இதழின் நகல் டிஸ்க் இப்போது அவள் வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

திறந்துவிட்ட பழைய இதழ்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான், ஒரு பழைய பக்கத்தின் கீழ்மூலையில் பெரிதாக ஒரு கட்டை விரல் இருந்ததை எப்சி கண்டாள். பக்கத்தைப் பிடித்துப் படமெடுத்தபோது சேர்ந்து விழுந்திருக்கிறது. விரலில் துணிக்கட்டு வேறு. கட்டுரையின் கடைசி வரி அதற்கு அடியில் போயிருந்தது.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேறு படம் எடுத்து அனுப்புகிறேன், இதை மாற்றிவிடுங்கள் என்று மரியாவுக்கு எழுதினாள். மாற்ற முடியாது என்று மரியா எழுதினார். எல்லாத் தேசத்துப் பிரதிகளும் ஒன்றையொன்று ஓயாமல் சரிபார்த்துக்கொண்டிருக்கின்றன. ஓர் இடத்தில் விரலை எடுத்தால், அங்கே ஏதோ சேதம் என்று மற்றவை கண்டுபிடித்து, விரலைத் திரும்ப வைத்துவிடும்.

அவள் கணவன் கிங்ஸ்டன், மின்சார வாரியத்தில் வேலை பார்ப்பவன், எட்டிப் பார்த்தான்.

“இது ஒன் வெரலா?”

“ஆமா.”

“எத்தன ஊர்ல இருக்கு?”

“ஏழெட்டு தேசத்துல.”

“கட்டு போட்டிருக்கியே, எப்ப?”

எப்சி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “நெத்திலி மீனு ஆயும்போது அருவாமணை கீறிட்டு. ஒங்க அக்கா வந்திருந்தாங்கள்லா, அன்னிக்கு.”

“அன்னிக்கு ஆஞ்சது சாளை” என்றான் கிங்ஸ்டன்.

“நெத்திலி.”

சாளைதானே என்று கேட்க அவன் அக்காவுக்குப் போன் போட்டான். அக்கா இறால் என்றாள்.